சூப் ஆறுகிறது, மேலே வா

ஜனவரி 4, சனி

திங்கட்கிழமை வேலை ஆரம்பம். பழைய வழக்கப்படி, நடக்கப்போவதை வரிசைப்படுத்தி எழுதிவைக்கிறேன்.

1. ரஷ்யக் கவிஞர் வேரா இக்னாத்யெவ்னா இன்று சென்னை வந்துவிட்டார். அவருடைய ஒரு கவிதையை வீணை வித்வான் ஞானஸ்கந்தன் கர்நாடக இசையில் அமைக்கிறார். 25ஆம் தேதி நட்புறவுச் சங்கத்தின் ஆண்டு விழாவில் அது பாடப்படும்.

2. கவிதையைத் தமிழாக்குவதும், இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பேசுவதும் என் பொறுப்பு. என்னை ஏன் கேட்டார்கள் என்று தெரியவில்லை. அனல்மின் நிலையத்தில் கொதிகலன் கையேடுகளை மொழிபெயர்த்து ஓய்வு பெற்றவன் நான். தகுந்த ஆட்கள் ஊரில் இல்லை போலும்.

3. மொழிபெயர்ப்பாளன் என்பவன் ஒரு குழாய். அவன் வழியாகப் போகும் எதுவும் அவனுடையது அல்ல. ரஷ்யத் தலைமைப் பொறியாளர் "என்னை முட்டாள் என்று நினைத்தீர்களா?" என்று கத்தினால் நானும் "என்னை முட்டாள் என்று நினைத்தீர்களா?" என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லியிருக்கிறேன். கத்தியதில்லை.

4. இருவரும் பெரிய கலைஞர்கள். மனக்கசப்பு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. வீட்டு விஷயங்கள் இந்தக் குறிப்பில் வரா. தண்ணீர் லாரி மட்டும் விதிவிலக்கு. அது வரும் நாளில் நான் தாமதமாகக் கிளம்ப நேரும்.

ஜனவரி 6, திங்கள்

மயிலாப்பூரில் வித்வான் வீட்டு மாடியில் முதல் சந்திப்பு.

வேரா இக்னாத்யெவ்னாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி. ரஷ்ய மரியாதைப்படி அழைக்க என் அப்பா பெயரைக் கேட்டார். தாவீது என்றேன். "சாலமோன் தாவீதோவிச்!" என்று சிரித்தார். "தாவீதின் மகன் சாலமோன். அரசரையே எனக்கு மொழிபெயர்ப்பாளராகக் கொடுத்திருக்கிறார்கள்." முழுப்பெயர் சாலமோன் துரைசிங்கம் என்றாலும் துரைசிங்கம் என்ற பெயரிலேயே வேலை பார்த்தவன் நான் என்று சொல்ல நினைத்தேன்.

வித்வான் ஐம்பதைத் தாண்டியவர். திருவாரூர்ப் பக்கம். வாயில் வெற்றிலை. அரசர் விஷயத்தை அவரிடமும் சொன்னேன்.

"என்ன சார், அரசரா? சரிதான். அம்மாவ உக்காரச் சொல்லுங்க மகாராஜா. காப்பி குடிப்பாங்களா? இல்ல, அவங்க ஊரு சரக்குதான் வேணும்பாங்களா?"

"காப்பி போதும் என்கிறார்" என்றேன். அவரிடம் நான் கேட்கவே இல்லை.

வேரா கவிதையைப் படித்தார். சிறிய கவிதை. நான்காம் மாடியில் ஒரு தாய் சன்னலைத் திறந்து, முற்றத்தில் விளையாடும் மகனை அழைக்கிறாள்: சூப் ஆறுகிறது, மேலே வா. முற்றத்திலிருந்த எல்லாப் பிள்ளைகளும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அவர்களுக்கும் பசி. அவனைத் தவிர எல்லாரும் பார்க்கிறார்கள். அவ்வளவுதான். அவருடைய மகன் பத்தொன்பது வயதில் ஆப்கானிஸ்தானில் இறந்தவன். அது கவிதையில் இல்லை. தேநீர் இடைவேளையில், சர்க்கரை எங்கே என்று கேட்கும் குரலில் சொன்னார்.

நான் அதை வித்வானுக்குச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஜனவரி 7, செவ்வாய்

லாரி வரவில்லை.

ஜனவரி 9, வியாழன்

மொழிபெயர்ப்பைக் கொண்டுபோனேன். முதல் வரி: மேலே வா கண்ணா, சோறு ஆறுதே.

"சூப்பச் சோறாக்கிட்டீங்களா சார்? பொழச்சோம். சபால சூப்புன்னு பாடினா முதல் வரிசைல இருக்கிறவன் கேன்டீனுக்குப் போயிடுவான்" என்றார் வித்வான்.

வேராவிடம் இதை மறைக்க முடியவில்லை. அவர் யோசித்தார். "என் மகன் வாழ்க்கையில் சோறு தின்றதில்லை." பிறகு, "பரவாயில்லை. எதைப் போட்டாலும் தின்பான்." அந்த வரி எப்படி வந்தது என்று கேட்டார். தானாக வந்தது என்றேன்.

ராகம் சகானா. எனக்குச் சங்கீதம் தெரியாது. தேவாலயத்தில்கூட வாயை மட்டும் அசைப்பவன். ஆனாலும் வித்வான் வீணையை மீட்டி, பாடப்போகிற பெண் வசுமதி அந்த முதல் வரியை எடுத்தபோது, அடுத்த வீட்டுத் துவைகல் சத்தம் நின்றது. அவர்களும் கேட்டார்கள் போலிருக்கிறது. வரி முடிந்ததும் வசுமதி அதையே மறுபடியும் பாடினாள், சிறிது வளைத்து. மறுபடியும், இன்னும் நீட்டி. ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே.

வேரா என் முழங்கையைத் தொட்டார். "ஏன் திரும்பத் திரும்பப் பாடுகிறாள்? நான் ஒரு முறைதான் எழுதினேன். அது ஒரு முறைதான் வர வேண்டும். இதை அவரிடம் சொல்லுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

வித்வான் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அம்மா என்ன சொல்றாங்க சார்? புடிச்சிருக்காமா?" என்றார்.

"கொஞ்சம் நிதானமாகப் பாடினால் நன்றாயிருக்கும் என்கிறார்."

"அதானே! ஞானம் உள்ளவங்க. விளம்பமாவே வச்சுக்குவோம்."

வேராவிடம், இது வெறும் ஒத்திகை, மேடையில் ஒரு முறை பாடினால் போதும் என்கிறார் என்று சொன்னேன். இருவருக்கும் திருப்தி. சற்றுச் சுருக்கித்தான் சொன்னேன்.

ஜனவரி 10, வெள்ளி

லாரி மாலை வந்தது. ஐந்து குடம். இன்னும் பிடித்திருக்கலாம், முதுகு விடவில்லை.

ஜனவரி 13, திங்கள்

மனைவி தங்கத்துக்கு மாத்திரை வாங்கினேன். டாக்டர் அளவைக் கூட்டியிருக்கிறார். மறதி அதிகமாகாமல் இருக்கத்தான் என்றார். தங்கம் மாத்திரையை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதையும் முழுங்கணுமாக்கும்" என்றாள். முழுங்கினாள்.

பக்கத்து வீட்டு லாரன்ஸ், ஷெட்டில் தார்ப்பாய் போட்டு நிற்கும் பைக்கை விற்கும் எண்ணம் உண்டா என்று கேட்டார். அவர் மச்சான் மகனுக்கு வேண்டுமாம். டயர் இரண்டும் இறங்கிப்போய்விட்டன என்றேன். அதனால் என்ன சார் என்றார். பார்க்கலாம் என்றேன்.

இது வீட்டு விஷயம். எழுதியிருக்கக் கூடாது.

ஜனவரி 17, வெள்ளி

முழு ஒத்திகை. நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

வசுமதி முதல் வரியை எடுத்தாள். இரண்டாவது தடவை பாடியதும் வேரா வலது கையில் ஒரு விரலை மடக்கினார். பிறகு இன்னொன்று. வலது கை முடிந்து இடது கைக்குப் போனார். அதுவும் முடிந்தது. வசுமதி இன்னும் அந்த வரியை விடவில்லை. சரணத்துக்குப் போய்விட்டு மறுபடியும் அதற்கே திரும்பி வந்தாள்.

வேரா எழுந்து நின்றார். வசுமதி பாதியில் நிறுத்தினாள்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று என்னைக் கேட்டார். "மேடையில் ஒரு முறை என்று இவர் சொன்னதாகச் சொன்னீர்கள்."

"என்ன சார், அம்மாவுக்கு என்ன?" என்றார் வித்வான். "ஒடம்பு சரியில்லையா?"

நான் வாயைத் திறந்தேன்.

வேரா ஒற்றை விரலைத் தூக்கி வித்வான் முகத்துக்கு நேரே காட்டினார். பிறகு பத்து விரலையும் விரித்துக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினார். இதற்கு மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை.

வித்வான் வீணையைக் கீழே வைத்தார். "அப்ப அன்னிக்கே அம்மா வேண்டாம்னுதான் சொன்னாங்களா?"

"ஆமாம்."

"நீங்க நிதானமாப் பாடச் சொன்னாங்கன்னீங்க."

"ஆமாம்."

அவர் வேராவைப் பார்த்தார். வேரா அவரைப் பார்த்தார். இந்த இரண்டு வாரத்தில் அவர்கள் நான் இல்லாமல் ஒருவரையொருவர் புரிந்துகொண்ட முதல் விஷயம் என்னைப் பற்றியது.

"சொல்லுங்க அவங்ககிட்ட" என்றார் வித்வான். கோபம்தான், ஆனால் கத்தவில்லை. "ஒரு தடவ சொன்னா அது தந்தி. பாட்டு இல்ல. பல்லவின்னா திரும்பி வரணும். எங்க சுத்தினாலும் வாசல்ல வந்து நிக்கணும். அது என் வசதிக்குப் பண்றது இல்ல. எனக்கு வேற மாதிரி பண்ணத் தெரியாது. அப்படியே சொல்லுங்க மகாராஜா, ஒரு எழுத்துக் கொறையாம."

வேரா காத்திருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். பின்னாலேயே போனேன். தெருவில், கவிதையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சங்கத்தில் சொல்லச் சொன்னார். மகனைப் பற்றி அந்த ஒரு வரி மட்டும்தான் அவரிடம் மிச்சம் என்றும், அதைக் கச்சேரி செய்ய விடமாட்டேன் என்றும் சொன்னார். ஆட்டோவில் ஏறினார்.

சங்கத்துக்கு இன்னும் போன் செய்யவில்லை.

ஜனவரி 18, சனி

போன் செய்யவில்லை. லாரி வந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

ஆராதனைக்குப் போய்வந்தேன். பிரசங்கம் எதைப் பற்றியது என்று நினைவில்லை.

மாலையில் வாசலில் ஆட்டோ நின்றது. வேரா இக்னாத்யெவ்னா. முகவரியைச் சங்கத்தில் வாங்கியிருக்கிறார். தங்கம் கதவைத் திறந்து, "ஒங்களத் தேடி வெள்ளைக்கார அம்மா வந்திருக்காவ" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

"அவர் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். அதை என்னிடம் நீங்கள் கொடுக்கவில்லை" என்றார் வேரா. "மன்னிப்பு வேண்டாம். அவர் சொன்னது வேண்டும்."

சொன்னேன். ஒரு எழுத்துக் குறையாமல். தந்தி என்ற இடத்தில் வேரா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"தந்தி என்றா சொன்னார்?"

"ஆமாம். அவருக்குத் தெரியாது, வெறும் உவமை."

"தந்தி ஒரு முறைதான் வந்தது" என்றார் வேரா. அதன் பிறகு தேநீரைக் குடித்தார்.

இருட்டத் தொடங்கியது. விளக்கைப் போட்டேன். தங்கம் சோற்றை வடித்து இறக்கிவிட்டு, வழக்கம்போல் பின்வாசலுக்குப் போனாள். ஷெட்டைப் பார்த்து நின்றாள்.

"ஏல எட்வினு, சாப்பிட வால."

வேரா தலையைத் திருப்பினார்.

"ஏல, சோறு ஆறுதுல்லா." இது கொஞ்சம் நீட்டி. பிறகு கண்டிப்பாக: "எத்தன தடவ கூப்பிடணும் ஒன்ன?" பிறகு மெதுவாக, கெஞ்சுகிறமாதிரி, பெயரை மட்டும்.

"என்ன சொல்கிறார்?"

"அது ஒரு வீட்டுப் பழக்கம்" என்றேன்.

"சாலமோன் தாவீதோவிச்." அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

சொன்னேன். எட்வின், சாப்பிட வா, சோறு ஆறுகிறது. ரஷ்ய மொழியில் அதைச் சொன்னபோதுதான் அது எங்கிருந்து தானாக வந்தது என்று கண்டுகொண்டேன். தினமும் கேட்கிற வரி. எப்படித் தெரியாமல் போனது என்று விளங்கவில்லை.

"எட்வின் யார்?"

"மகன்."

"எங்கே?"

துறைமுகத்தில் இரவுப்பணி. விடிகாலையில் பைக்கில் வந்துகொண்டிருந்தான். முந்தைய ஆண்டு செப்டம்பர். இவற்றைத் தனித்தனிச் சொற்களாகக் கொடுத்தேன், கையேட்டில் பாகங்களின் பெயரைப் படிப்பதுபோல. வேரா வருத்தம் தெரிவிக்கவில்லை. அதற்கு நன்றியோடு இருக்கிறேன்.

"இவருக்குத் தெரியாதா?"

"மறந்துவிடுகிறாள். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார்."

"டாக்டர் சொன்னாரா? நீங்கள் கேட்டீர்களா, இவரிடம்?"

"இல்லை."

"அப்படியானால் நான் கேட்கிறேன். உங்கள் வேலையைச் செய்யுங்கள்." எழுந்து பின்வாசலுக்குப் போய்த் தங்கத்தின் எதிரில் நின்றார். "அவன் வரமாட்டான் என்று உங்களுக்குத் தெரியுமா?"

நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். அது என் இடம். தலைமைப் பொறியாளருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் நடுவில் அப்படித்தான் நின்றிருக்கிறேன். கேள்வி என்னுடையது அல்ல என்பதால் கேட்க முடிந்தது.

"அவன் வரமாட்டான்னு ஒனக்குத் தெரியுமான்னு கேக்காவ."

தங்கம் வேராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதாக்கும்? பெட்டிய மூடும்போது நாந்தான பக்கத்துல நின்னேன். நீங்க வெளிய போயிட்டிய."

"பெறவு ஏன் கூப்பிடுத?"

இதை வேரா கேட்கவில்லை. யார் கேட்டது என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை.

"நானும் கூப்பிடலன்னா அவன் பேரு இந்த வீட்டுல எந்த வாயில வரும்?" என்றாள் தங்கம். "ஒங்க வாயிலயா? மாத்திரையில்லா வாங்கிட்டு வாறிய."

வேரா காத்திருந்தார். விதிப்படி சொன்னேன், பேசியவர் பேசியபடியே: எனக்குத் தெரியும். நான் கூப்பிடாவிட்டால் இந்த வீட்டில் என் மகனின் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள்.

என் மகனின் என்ற இடத்தில் இருமினேன். மீதியை முடித்தேன்.

"என்ன சொன்னிய அவிய கிட்ட?" என்றாள் தங்கம்.

"நீ சொன்னதத்தான்."

"அவன் பேரு எங் காதுல விழலையே."

வேரா அங்கேயே சாப்பிட்டார். சோறு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. கையால் சாப்பிடத் தங்கம் காட்டிக்கொடுத்தாள். இருவரும் பேசிக்கொண்டேயிருந்தார்கள், அவரவர் மொழியில். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

காலையிலேயே வித்வான் வீடு. வேரா தானாகப் பேச ஆரம்பித்தார். நான் முழுவதையும் சொன்னேன்.

"எத்தனை முறை வேண்டுமானாலும் பாடட்டும். இன்னும் கூடுதலாகவே பாடட்டும். ஒரு நிபந்தனை. கடைசி முறை பாடி முடித்தபின் யாரும் எதுவும் செய்யக் கூடாது. ஒரு பையன் படியேறி வரும் நேரம். நான்கு மாடி."

வித்வான் தாடையைச் சொறிந்தார். "தாளம் போட்டுட்டுச் சும்மா ஒக்காந்திருக்கணுமா?"

"ஆமாம் என்கிறார்."

"நெசமாவே ஆமாங்கிறாங்களா, இல்ல நிதானமாப் பாடச் சொல்றாங்களா?"

"நிஜமாகவே."

வசுமதி சிரிப்பை அடக்கினாள். வித்வான் தொடையில் தட்டிக் கணக்குப் பார்த்தார். "நாலு மாடின்னா நாலு ஆவர்த்தனம். பாட்டு இல்லாம, வீணை இல்லாம. வெறும் கை. ஜனங்க கச்சேரி முடிஞ்சிதுன்னு எழுந்து போயிடுவாங்க சார்." மறுபடியும் தட்டினார். நான்கு சுற்று. அறையில் கைச்சத்தம் மட்டும். முடிந்ததும் வெற்றிலைப் பெட்டியைத் தேடினார். அது அவர் மடியிலேயே இருந்தது.

"சரின்னு சொல்லுங்க" என்றார்.

ஜனவரி 22, புதன்

மாத்திரை பற்றி டாக்டரிடம் பேசினேன். பேச வேண்டியதை எழுதி எடுத்துப்போனேன். யோசிக்கலாம் என்றார்.

லாரன்ஸிடம் பைக் விற்பனைக்கு இல்லை என்று சொன்னேன். "அப்படியா சார்" என்றார். எளிதாகத்தான் இருந்தது.

ஜனவரி 25, சனி

விழா மாலை ஐந்து மணிக்கு. தங்கத்தைக் கூப்பிட்டேன். "நான் வந்தா சாயங்காலம் இங்க யார் நிப்பா?" என்றாள்.

வசுமதி நன்றாகப் பாடினாள் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த வரி வந்துகொண்டேயிருந்தது. எனக்கு எண்ணத் தோன்றவில்லை. கடைசித் தடவைக்குப் பின் வித்வான் வீணையிலிருந்து கையை எடுத்தார். தொடையில் தாளம் மட்டும். முதல் சுற்றில் பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள், முடிந்துவிட்டது என்று நினைத்து. யாரோ அதட்டினார்கள். இரண்டாவது சுற்றில் ஒரு நாற்காலி நகர்ந்தது. அதன்பின் ஒன்றும் இல்லை. பக்கத்தில் வேரா கண்ணை மூடியிருந்தார். மேடைக்குப் பின்னால் இருந்த கதவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

விடைபெறும்போது வேரா, "உங்கள் மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள்" என்றார். காத்திருந்தேன். "வேண்டாம். அவருக்குத் தெரியும்" என்றார். வித்வானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வித்வான், "அடுத்த தடவ சூப்பு போட்டே பண்ணுவோம்னு சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். வேரா சிரித்தது அழுததுபோல் இருந்தது, அல்லது மறுதலையாகவும் இருக்கலாம்.

ஜனவரி 26, ஞாயிறு

வேராவின் விமானம் காலையில் கிளம்பியிருக்கும். லாரி வரவில்லை, குடியரசு தினம்.

மாலையில் தங்கம் பின்வாசலுக்குப் போனாள். இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் போய் அவளருகில் நின்றேன். அவள் மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

"எட்வின்" என்றேன்.

தங்கம் திரும்பவில்லை. "இன்னும் கொஞ்சம் ஏத்திக் கூப்பிடுங்க. ஷெட்டு வரைக்கும் கேக்காண்டாமா?"

ஏற்றிக் கூப்பிட்டேன். லாரன்ஸ் வீட்டுச் சன்னலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது, ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றோம். உள்ளே போனபோது சோறு ஆறியிருந்தது. சாப்பிட்டோம்.

முதல் நாள் எழுதிய வரிசையைச் சரிபார்த்தேன். நான்காவதையும் ஐந்தாவதையும் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும். குழாய் என்று எழுதிய மூன்றாவது தவறு.